இரவில் ஒரு பொலிஸ்காரத் தம்பி வந்து வாங்கில் இருக்கிறார். நான் என்ன செய்வது?

கேள்வி: கண்டிவீதிப் போதகர்

வணக்கம். கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில், ஏ9 வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு சின்னச் சபைக்கு நான் போதகர். முப்பத்தெட்டுக் குடும்பம், தகரக் கூரை, பக்கத்தில் ஒரு மாமரம், அதற்குக் கீழே ஒரு வாங்கு. இந்தக் கேள்வியே அந்த வாங்கால் வந்ததுதான்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தம்பி வந்து அதில் இருந்தார். சிவில் உடுப்புத்தான். ஆனால் தலைமயிர் வெட்டும் சப்பாத்தும் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும். என் மனைவி பிளேன்ரீ கொடுத்தார். குடித்துவிட்டு, "பாஸ்டர், இதில கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாமோ?" என்று கேட்டார். முக்கால் மணித்தியாலம் சும்மா இருந்தார், போய்விட்டார். அடுத்த புதனும் வந்தார்.

மூன்றாம் தடவைதான் வாய் திறந்தார். தமிழ் ஆள்.

[இந்த இடத்தில் இருந்த நாலு வரியை எடுத்துவிட்டேன். ஏன் என்பது கீழே முதல் பதிலில் இருக்கிறது.]

அவருடைய வேலையில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு. முறைப்பாடு கொடுக்க வருகிற சனம் தமிழில் சொல்லும். எழுதுகிறவருக்குத் தமிழ் வராது. இவர் நடுவில் நின்று சிங்களத்தில் சொல்ல வேண்டும். வாய்க்காலில் தாண்டுபோன பிள்ளையின் தாயும், நஞ்சு குடித்த மகனின் தகப்பனும் இவருடைய முகத்தைப் பார்த்துத்தான் அழுகிறார்கள். "மற்ற ஆக்கள் ஒருக்காக் கேட்டா முடிஞ்சுது பாஸ்டர். நான் கேக்கவும் வேணும், பிறகு என்ர வாயால திருப்பிச் சொல்லவும் வேணும்" என்றார். ஒரு தாய் "என்ர குஞ்சு" என்று சொல்லிக் கதறியபோது அந்தச் சொல்லைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று பிடிபடாமல், "பிள்ளை" என்பதற்கான சொல்லை மட்டும் சொல்லிவிட்டாராம். அந்தத் தாயைத் தான் ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார். எவ்வளவோ பயங்கரமான கதைகளை ஒருமுறை சொல்லிவிட்டு விட்டவர், இதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

நித்திரை இல்லை. சாராயம் கூடிவிட்டது. வீட்டுக்குப் போன் எடுத்தால் சண்டை. போன கிழமை, எழும்பிப் போகிற நேரம், "சில நேரம் எல்லாம் ஒரேயடியா முடிஞ்சா நல்லம் போல இருக்கு" என்றார். நான் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பினேன். பிறகு விடிய விடியப் படுக்கையில் கிடந்து யோசித்தேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்துக்குள் ஓடிவிட்டேன். அதுதான் உண்மை.

வெளிநாடுகளில் இதற்கென்றே சாப்ளின் என்று ஒரு சமயப் பணியாளரைப் பொலிஸோடு வைத்திருக்கிறார்கள். தேடிப் படித்தேன். லண்டனில் கதரின் கேர்ணி என்ற பெண்மணி 1883இலேயே பொலிஸ்காரருக்காக ஒரு கிறிஸ்தவச் சங்கம் தொடங்கியிருக்கிறார். அமெரிக்காவில் 1973இல் பொலிஸ் சாப்ளின்களுக்கென்றே ஒரு சர்வதேச அமைப்பு உண்டாகியிருக்கிறது. ரோந்து வண்டியில் கூடப் போகிறார்கள். விபத்தில் செத்தவரின் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்ல வேண்டிய பொலிஸ்காரருக்குத் துணையாகப் போய் நிற்கிறார்கள். எந்தச் சமயத்தவரோடும் கதைப்பார்கள், சமயம் மாற்றப் பார்க்கக் கூடாது, கேட்டதை மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. வாசிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே சாப்ளினுக்கு நிலையத்துக்குள் ஒரு கதிரை உண்டு. நான் நிலையத்துக்குள் போனது அடையாள அட்டை தொலைந்தபோது மட்டும்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் சபையில் மூன்று தாய்மார், 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டப் பந்தலில் இருந்தவர்கள். வெயிலிலும் மழையிலும் பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்கள். சீருடையைக் கண்டால் அவர்களுக்கு இன்றைக்கும் உடம்பு இறுகும். அதில் ஒரு அம்மா போன ஞாயிறு என்னை மறித்து, "போதகர் ஐயா, பொலிஸ்காரன் இருக்கிற வாங்கில நாங்கள் எப்பிடி இருக்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. வேதாகமத்தில் பவுலைக் காவல் காத்த பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனைப் பற்றி ஒரு பிரசங்கம் பண்ணினால் விளங்குவார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தத் தம்பி அப்படி ஒரு சொல்லை மறுபடி சொன்னால் நான் என்ன கேட்க வேண்டும்? அதோடு இன்னொன்று. ஒருநாள் "நானும் கை வைச்சிருக்கிறன் பாஸ்டர்" என்று தொடங்கிவிட்டு நிறுத்திவிட்டார். அது ஒருநாள் முழுசாக வெளியே வரும். வந்தால் நான் என்ன செய்வது?

பதில்: ஓய்வு சார்ஜன்ட்

பாஸ்டர், முதல் வேலையாக அந்த நாலு வரியை எடுங்கள். சொந்த ஊர், வேலைக்குச் சேர்ந்த வருடம், பிள்ளைகள் எத்தனை என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் நிற்கிற தமிழ்ப் பொலிஸ்காரரே கொஞ்சப் பேர். அதில் வேதக்காரர் எத்தனை என்று எண்ண ஒரு கை போதும். நல்ல மனத்தோடு எழுதினீர்கள், தெரிகிறது. ஆனால் இதை அவருடைய விடுதியில் யாராவது வாசித்தால் அவர் அடுத்த புதன் வரமாட்டார். வேறு எங்கேயும் போகவும் மாட்டார்.

நான் சைவம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தைத் தாண்டினதில்லை. முப்பத்தொரு வருடம் சேவை. அதனால் எழுதுகிறேன்.

2013 செப்டெம்பரில் ரயில் திரும்பவும் கிளிநொச்சி வரைக்கும் வந்தது. சனம் கையைத் தட்டி வரவேற்றது. கடவைகளில் பல இடத்தில் காவல் இல்லை. ஒரு பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பொடியன். மரண விசாரணை அதிகாரி வரும்வரை பிரேதத்தோடு ஒருவர் நிற்க வேண்டும், நான் நின்றேன். நாலு மணித்தியாலம். நாய் கிட்ட வராமல் கையில் ஒரு தடி. அவன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போன பாண் பையோடு தண்டவாளத்து ஓரத்தில் கிடந்தது. சூடு ஆறவில்லை. எறும்பு ஏறத் தொடங்கியது. பிரேதத்தில் கை வைக்கக் கூடாது. பாணில் வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இருட்டும்வரை அந்தப் பாணில் எறும்பு தட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு ஆறு மாதம் என்னால் பாண் தின்ன முடியவில்லை. மனைவி கேட்டா, வாய்வு என்று சொன்னேன். நிலையத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். அறிக்கையில் நேரம் பிழையாக இருக்கிறது என்று கேட்டார்கள்.

ஏன் வாய் திறக்க மாட்டோம் தெரியுமா? நித்திரை இல்லை என்று சொன்னால் துவக்கை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று பயம். வாங்கி வைத்தால் விடுதி முழுக்கத் தெரியும். அதோடு பட்டப்பெயர். பதவி உயர்வு வருகிற நேரம் எவனாவது அந்தப் பெயரைச் சொல்லுவான். சிங்களப் பொடியங்களுக்கும் இதே கதைதான் பாஸ்டர், மொனறாகலையிலிருந்தோ குருநாகலிலிருந்தோ வந்து, பாசை தெரியாத ஊரில், மனுசிக்குப் பிள்ளை பிறந்ததை வட்ஸ்அப்பில் பார்க்கிறவன். தமிழனுக்கு ஒன்று கூட. நிலையத்துக்குள் அவன் தமிழன், வெளியே வந்தால் பொலிஸ்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளைச் சபைக்குப் பின்னால் விடச் சொல்லுங்கள். போனில் எழுதிக் கேட்காதீர்கள், நேரே கேளுங்கள். இரவுக் கடமை முடிந்து வந்தால் புத்தி சொல்லாதீர்கள், சோறு கொடுங்கள். அவருக்கு எந்த நாள் என்ன கடமை என்று தெரிந்து வைத்திருங்கள். பிரேதம் பார்த்த நாளுக்கு அடுத்த நாள்தான் ஆள் விழும், அன்றைக்கு இல்லை. உதவி என்று நினைத்து நிலையப் பொறுப்பதிகாரி ஓஐசியிடம் போய்க் கதைத்துவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அது வேறு கதை.

அடித்த விஷயம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு எழுதத் தொடங்கி இரண்டு தரம் அழித்துவிட்டேன். அதை வேறு யாராவது எழுதட்டும்.

பதில்: உளவளத்துணை, வவுனியா

போதகர், நீங்கள் ஜெபத்துக்குள் ஓடினேன் என்று எழுதிய வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நாங்களும் ஓடுவோம். எங்களுக்கு ஓட ஒரு படிவம் இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த முறை அந்தச் சொல் வந்தால், வராவிட்டாலும் கூட, நேரே கேளுங்கள். "தம்பி, சாகவேணும் எண்டு யோசிக்கிறீங்களோ?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டதும் தோள் இறங்குவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஓம் என்று சொன்னால் எப்படி, எப்போது, கைக்கு எட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பொலிஸ்காரர் என்பதால் துவக்கைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். சார்ஜன்ட் ஐயா சொன்ன பயம் நியாயமானது. ஆனால் கொஞ்ச நாளைக்கு ஆயுதம் இல்லாத கடமையை அவரே கேட்டு வாங்குவதற்கு வழி இருக்கும்; முதுகுவலி என்றாவது கேட்கட்டும்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்கள் நாட்டில் 1995 அளவில் மிகக் கொடிய பூச்சிநாசினிகளைத் தடை செய்தார்கள், 2008க்கும் 2011க்கும் இடையில் பராகுவாட் என்ற களைநாசினி போன்றவற்றையும் நிறுத்தினார்கள். தற்கொலைச் சாவு பாதிக்கு மேல் குறைந்தது. சனத்தின் கவலை பாதியாகக் குறைந்ததா? அந்தக் காலத்தில் நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியும். கைக்கு எட்டுகிற தூரத்தில் அது இல்லாமல் போனது, அந்த ஒரு பொல்லாத மணித்தியாலம் கடந்து போனது.

அந்த மணித்தியாலம் உங்கள் வாங்கில் வந்தால் அவரைத் தனியே அனுப்ப வேண்டாம். கூட இருங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இங்கே குற்றம் இல்லை. பொலிஸ்காரர் சிலருக்கே இது தெரியாது, அவருக்கும் சொல்லிவையுங்கள்.

நடந்ததை எல்லாம் ஒன்றும் விடாமல் சொல்லவைத்தால் மனம் சுத்தமாகிவிடும் என்று நினைத்துக் கிண்டாதீர்கள். சம்பவம் நடந்த கையோடு ஆட்களை இருத்தி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கிற முறை ஒன்று 1980களில் அமெரிக்காவில் இருந்து பரவியது. பின்னால் வரக்கூடிய பாதிப்பை அது தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலில் மூன்று சொல்தான்: பார், கேள், இணை. பார்ப்பதும் கேட்பதும் உங்களுக்கு வருகிறது. இணைப்பதில்தான் சமயப் பணியாளர்கள் பிந்துவதை நான் காண்கிறேன். சாராயமும் நித்திரையின்மையும் வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயம். சொந்த நிலையம் இருக்கிற மாவட்டத்தில் வேண்டாம் என்றால் வேறு மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போகலாம்.

இனி, அந்த மற்றக் கேள்வி. கத்தோலிக்கக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே விட முடியாது. திருச்சபைச் சட்டம் 983 அப்படிச் சொல்கிறது. உங்கள் வாங்குக்கு அந்த முத்திரை இல்லை. ஆகவே அவர் சொல்லத் தொடங்க முன்னமே எல்லையைச் சொல்லிவிடுங்கள்: யாருடைய உயிராவது ஆபத்தில் இருந்தால் நான் பேசாமல் இருக்க மாட்டேன். சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி பாரதூரமான குற்றம். தனக்கு ஒரு சட்டத்தரணி வேண்டுமா என்று அவர் யோசிக்க வேண்டி வரலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். "கர்த்தர் மன்னித்துவிட்டார்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவருடைய வாய் அதோடு மூடிக்கொள்ளும். அடிபட்ட ஆள் ஒருவரும் எங்கேயோ இருக்கிறார், அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பதில்: பந்தலில் இருந்தவள்

நான் உங்களை மறித்த அந்த அம்மா இல்லை. ஆனால் அந்தப் பந்தலில் நானும் இருந்தேன், இன்னும் இருக்கிறேன்.

தம்பி அழட்டும். அவருக்கும் ஒரு தாய் இருப்பா. அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் புதன் எங்களுடைய ஜெபநாள். எங்களுக்கென்று கிழமையில் இருக்கிறதே அந்த ஒரு இரவுதான். அவருக்கு வேறு நாள் கொடுங்கள். வேறு வாங்கும் போடுங்கள். ஒரு பலகைக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

பிலிப்பி சிறைச்சாலைக்காரன் கதையைப் பிரசங்கிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பட்டயத்தை உருவித் தன்னைக் குத்தப்போன நேரம், உனக்கு ஒன்றும் செய்யாதே என்று பவுல் சத்தமிட்டது சரி. சிறைக்குள் இருந்து சத்தமிட்டார். முதுகில் காயத்தோடு சத்தமிட்டார். இப்படிச் செய் என்று வெளியில் நின்ற ஒருவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்களுக்கும் சொல்லித் தராதீர்கள். வருகிற நேரம் எங்களுக்குத் தானாக வரும், வராமலும் போகும்.

அந்தச் சிறைச்சாலைக்காரன் அந்த இராத்திரியிலேயே அவர்களுடைய காயத்தைக் கழுவினான் என்றும் இருக்கிறது. பிரசங்கத்தில் அதை எல்லோரும் ஓடி ஓடித்தான் வாசிக்கிறார்கள்.

பதில்: கண்டிவீதிப் போதகர்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னியுங்கள். இடையில் மழை, கூரை ஒழுக்கு, இரண்டு செத்தவீடு.

நேரே கேட்டேன். கேட்க முதல் என் கை நடுங்கியது, பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். அவர் கனநேரம் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஓம் என்றார். நாலு மாதமாக நான் பண்ணிய ஜெபம் ஒன்றுக்கும் அவர் அப்படி அழவில்லை. துவக்கைப் பற்றியும் கேட்டேன். அன்றிரவு நான் அவரை விடவில்லை, எங்கள் வீட்டு விறாந்தையில் படுத்தார், நானும் பக்கத்தில் பாய் போட்டேன். விடிய எழும்பித் தானே போன் எடுத்து, கொஞ்ச நாளைக்குக் கடமை மாற்றிக் கேட்டார். காரணமாகச் சொன்னது முதுகுவலி. உளவளத்துணை அக்கா சொன்ன பொய்தான், பாவம் எங்கள் இருவர் பேரிலும் பாதிப் பாதி.

இதை எழுதலாமா என்று இந்த முறை அவரிடமே கேட்டேன். கிளினிக் போனதை எழுதலாம், எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம் என்றார். போனோம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் இன்னொரு குட்டைத் தலைமயிர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு பார்க்கவில்லை. மருந்து கொடுத்திருக்கிறார்கள். சாராயம் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. அதையும் எழுதச் சொன்னார்.

கை வைத்த கதையை இன்னும் சொல்லவில்லை. எல்லையைச் சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னதும் முகம் மாறியது. இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன், வந்தார்.

பிரசங்கம் பண்ணவில்லை. அம்மா, உங்கள் பதிலை நாலு தரம் வாசித்தேன். புதன் இப்போது முழுக்க உங்களைப் போன்றவர்களுக்கு. அவர் வெள்ளி வருகிறார். இரண்டாவது வாங்கு சபைக்குப் பின்பக்கம், வேப்பமரத்தடியில். பலகை வெட்டித் தந்தது என்னை மறித்த அந்த அம்மாவின் தம்பி. எதற்கு என்று தெரிந்துதான் தந்தார், ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

போன கிழமை அவருக்கு மறுபடி அப்படி ஒரு முறைப்பாடு. ஒரு தாய் சொன்ன சொல்லுக்குச் சிங்களத்தில் சொல் கிடைக்கவில்லை. இந்த முறை எழுதுகிறவரிடம், "இதுக்கு அங்கால சொல் இல்லை சேர், அப்பிடியே எழுதுங்கோ" என்றாராம். அவர் பேனையை வைத்துவிட்டுக் கொஞ்சம் பார்த்தாராம். பிறகு அந்தத் தமிழ்ச் சொல்லைச் சிங்கள எழுத்தில் எழுதிவிட்டு, சரியா என்று வாசித்துக் காட்டினாராம்.

சார்ஜன்ட் ஐயா, முறிகண்டிக்கு வருகிற நேரம் இங்கேயும் வந்துவிட்டுப் போங்கள். வாங்கு இரண்டு இருக்கிறது. பாண் தரமாட்டோம்.